பேஸ்டிங் பிரிவுக்குக் கிடைத்த பச்சைக் கொடி

மைக்கக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தார்கள் என்று அந்த ஷூ கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். தையல் பிரிவில் அத்தனை மெஷினும் ஒன்றாக இரைந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கோடியில் ஒருத்திக்கு நூல் அறுந்தால் இந்தக் கோடியில் நின்றபடியே சொல்லித் திருத்துகிற தொண்டை அவளுக்கு. வீட்டிலும் அதே தொண்டைதான். "உங்கம்மா ரகசியம் பேசினா தெருமுனைக் கடைக்காரன் பதில் சொல்லுவான்" என்று அவள் புருஷன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவன் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான், அதனால் அவனால் சிரிக்க முடிந்தது.

வெறும் தொண்டைக்காக யாரும் யாரையும் தலையில் தூக்கி வைத்து ஆட மாட்டார்கள். மைக்கக்காவுக்கு மனசும் அதே அளவில் இருந்தது. பிரசவம் முடிந்து வந்தவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையை மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கித் தருவாள். நல்லதோ கெட்டதோ, ஒரு வீட்டில் ஒன்று நடந்தால் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புவாள். புருஷன் கை நீட்டினான் என்று ஒருத்தி கண் வீங்கி வந்தால், அன்று சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் மைக்கக்கா நிற்பாள். அவன் யோக்கியதை அந்தத் தெருவுக்கே கேட்கும். இப்படி அவளிடம் கடமைப்படாத ஆள் கம்பெனியில் இல்லை. அவசர ஆர்டர் வந்து ஆள் கூடுதலாக வேண்டுமென்றால் மேனேஜர் நோட்டீஸ் ஒட்டுவதில்லை, மைக்கக்காவைத்தான் கூப்பிடுவார். "எனக்காக இன்னைக்கு ஒரு நாள் இருங்கடி" என்பாள் அவள். எதற்கு, என்ன என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். மேலங்கியை மறுபடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதில் அவளுக்குப் பெருமை உண்டு. பெருமைப்படாமல் இருக்க அவள் என்ன கட்டையா கல்லா?

வீட்டில் அவளுக்கு ஒரு நாத்தனார். புருஷனின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் என்றாலே கீரியும் பாம்பும் என்பார்கள், இங்கே கதை வேறு. மைக்கக்கா கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தாயில்லாத பிள்ளை. தலை பின்னி விட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தது, பரீட்சைக்கு எழுப்பி விட்டது எல்லாம் அண்ணிதான். பெரியவளாகிக் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனான். போனவன் திரும்பி வர மறந்தே போனான். கைக்குழந்தையோடு வந்து நின்றவளை, "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு" என்ற ஒரே வார்த்தையில் உள்ளே அழைத்துக்கொண்டாள் மைக்கக்கா. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் கம்பெனியிலேயே பேஸ்டிங் பிரிவில் வேலையும் வாங்கித் தந்தாள். ஷூவின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற பிரிவு அது. நாத்தனார் வாய் திறந்து பத்து வார்த்தை பேசினால் அதிகம். அண்ணி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே அவளுக்குப் போதும். அண்ணியைத் தவிர அவளுக்கு உலகத்தில் யார் இருக்கிறார்கள்? இருந்தால் ஒரு அண்ணன், அவனும் லாரியில்.

இந்தச் சமயத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்து சேர்ந்தாள். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர்கள், கரண்டையும் தண்ணீரையும் கழிவையும் குறைத்துக் காட்டினால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார்களாம். அதைக் குறைக்க வந்தவள். வாயைத் திறந்தால் பசுமை பசுமை என்றதால் முதல் நாளே 'பச்சை மேடம்' ஆகிவிட்டாள். நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஏமாற்ற வந்தவள் இல்லை. பூமி சூடாவதை நினைத்தால் அவளுக்கு நிஜமாகவே தூக்கம் வராது. ஆனால் கேன்டீனில் திரை கட்டிப் படம் போட்டு அவள் எடுத்த முதல் வகுப்பில் மற்ற எல்லோருக்கும் தூக்கம் நன்றாக வந்தது.

மேனேஜர் அவளை மைக்கக்காவிடம் அனுப்பினார். இருவரும் கேன்டீன் மூலையில் டீயோடு உட்கார்ந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க ஆளுங்களுக்குப் பாடம் எடுத்தா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவாங்க" என்றாள் மைக்கக்கா.

"எதை அணைக்கலாம், எதை அணைக்கவே கூடாதுன்னு அவங்களுக்குப் புரியணும் இல்லையாக்கா? ஒவ்வொரு பிரிவுலயும் நின்னு, தொட்டுக் காட்டணும்னு இருக்கேன்."

"புரியறது மெதுவா புரியட்டும். முதல்ல செய்யட்டும். நான் சொன்னா செய்வாங்க."

"அப்ப அந்த வகுப்பெல்லாம்?"

"விட்டுத்தள்ளுங்க மேடம். என் ஆளுங்க, என் பொறுப்பு."

பச்சை மேடம் கொஞ்சம் தயங்கினாள். ஆனாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் ஒருத்தி பொறுப்பு என்கிறாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு. தலையாட்டிவிட்டாள்.

மைக்கக்கா இறங்கினால் சும்மாவா? பிரிவு பிரிவாகப் போனாள். "கரண்டைக் குறைக்கணுமாம். காரணம் கேட்காதீங்க, எனக்கே பாதிதான் புரிஞ்சுது. எனக்காகச் செய்யுங்க, அவ்வளவுதான்" என்றாள். சிரித்தார்கள், செய்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் ஒரு விளக்கு எரியாது, ஒரு மெஷின் முனகாது. பிரிவுக்குப் பிரிவு தனி மீட்டர் இருந்ததால் அவளே ஒரு போட்டியும் வைத்தாள். கேன்டீன் சுவரில் பிரிவுகளை வரிசையாக எழுத ஒரு பலகை. மாதாமாதம் அதிகம் மிச்சம் பிடித்த பிரிவின் கதவில் ஒரு பச்சைத் துணிக்கொடி. வெட்டுப் பிரிவுக்காரர்கள் தையல் பிரிவின் கழிவறை விளக்கை வேவு பார்த்தார்கள். பேக்கிங் ஆட்கள் ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு விளக்கே இல்லாமல் வேலை பார்த்தார்கள். ஒரு துணிக்கொடிக்கு இவ்வளவு ரகளையா என்று மேனேஜர் வாயைப் பிளந்தார்.

பேஸ்டிங் பிரிவுதான் ஒவ்வொரு முறையும் கடைசி. பாவம், அவர்கள் எதைக் குறைப்பார்கள்? அங்கே சுவரில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன், சொல்யூஷன் காய ஒரு ஹீட்டர், நாலு விளக்கு. ஒருநாள் கேன்டீனில் எல்லோரும் கூடியிருக்கையில் மைக்கக்கா பலகையைச் சுட்டிக்காட்டி, தன் வழக்கமான தொண்டையில் சொன்னாள்:

"என் நாத்தனார் இருக்கிற பிரிவே கடைசியாம். ஊரையெல்லாம் திருத்தப் போனேன், என் வீட்டுல ஓட்டை. வெளிய தலை காட்ட முடியலடி எனக்கு."

கேன்டீனே சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள், தலையைக் குனிந்துகொண்டு. மைக்கக்கா அடுத்த நிமிஷம் அதை மறந்துவிட்டு வேறு யாரையோ வம்புக்கு இழுத்தாள்.

அடுத்த முறை பலகையில் பேஸ்டிங் பிரிவு நடுவுக்கு வந்தது. அதற்கடுத்த முறை முதலிடம். மைக்கக்கா நாற்காலி மேல் ஏறித் தன் கையாலேயே கொடியைக் கட்டினாள். "யாரு வளர்த்த பொண்ணு!" என்று நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். பச்சை மேடத்துக்கு மட்டும் நெற்றி சுருங்கியது.

"இவ்வளவு குறைஞ்சிருக்கேக்கா. என்ன பண்ணாங்கன்னு கேட்டீங்களா?"

"அட, உங்களுக்குக் குறைஞ்சாலும் கவலை, குறையலன்னாலும் கவலை. மனசு வெச்சா எதுவும் நடக்கும் மேடம்."

மனசுதான் வைத்தார்கள். அதில் பொய் இல்லை.

வீட்டில் நாத்தனாரின் கையிலிருந்து டம்ளர் நழுவ ஆரம்பித்தது. "கையில வெண்ணெய் தடவியிருக்கியா?" என்று மைக்கக்கா கேலி செய்தாள். பூட்டில் சாவியை நுழைக்க முடியாமல் கீழே வந்து, "அண்ணி, கொஞ்சம் திறந்து விடுங்களேன்" என்றாள் ஒருநாள். கால் விரல் மரத்துப் போகிறது என்றாள் இன்னொரு நாள். நின்றுகொண்டே வேலை செய்தால் அப்படித்தான், வெந்நீரில் வை என்றாள் அண்ணி. பிறகு ஒரு காலையில் நாத்தனாரின் மகள் அவிழ்ந்த தலையோடு வந்து நின்றாள். "அத்தை, அம்மா பின்னினா நிக்கவே மாட்டேங்குது. நீங்க பின்னுங்க." மைக்கக்கா பின்னி விட்டாள். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம் அவளுக்கு. இப்போது யோசித்தால், அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது கூடத் தனக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

கடைசியில் மாடிப்படியில் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் உருண்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணை மூடச் சொல்லி விரல்களில் பஞ்சால் வருடினார், பிறகு வேலை என்னவென்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பசை வாசனை வெளியே போக ஃபேன் இருக்கா?"

"இருக்கு."

"எப்பவும் ஓடுதா?"

நாத்தனார் ஒரு தடவை அண்ணியைப் பார்த்தாள். "ஓடுது டாக்டர்" என்றாள்.

"ஓடினா இந்த அளவுக்கு ஆகியிருக்காதே" என்றார் அவர். பசையின் ஆவி நரம்பைக் கெடுத்திருக்கிறது, இனி அந்தப் பசைப் பக்கமே போகக் கூடாது, போகாமல் இருந்தால் கை கால் மெல்ல மெல்லத் தேறலாம், முழுசாகத் தேறுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

நாத்தனார் பார்த்த அந்தப் பார்வை மைக்கக்காவைத் தூங்க விடவில்லை. மறுநாள் முதல் வேலையாகப் பேஸ்டிங் பிரிவுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் தலை கிறுகிறுத்தது. உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க முகர்ந்தால் எந்த நாற்றமும் காற்றாகிவிடும். அந்தப் பிரிவின் சூப்பர்வைசரோ பிறவி மூக்கடைப்புக்காரர். அதற்காகவே அவரை அங்கே போட்டார்கள் என்று கம்பெனியில் ஒரு கேலி உண்டு. மைக்கக்கா சுவரைப் பார்த்தாள். ஃபேன் நின்றிருந்தது. அதன் இறக்கைகளுக்கு நடுவே வைக்கோலும் நூலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"ஏன்டி இது ஓடல?"

நாத்தனாருக்குப் பக்கத்து இடத்தில் வேலை செய்கிற பருத்த பெண் சிரித்த முகமாக எழுந்து வந்தாள். "கரண்டு இழுக்கிறதே இதுதான்க்கா. உங்க நாத்தனார்தான் கண்டுபிடிச்சா. முதல்ல மத்தியானம் மட்டும் அணைச்சோம். அப்புறம் சாயங்காலமும். அப்புறம் பழகிடுச்சு. நாங்க வேணாம்னா கூட, 'அண்ணி தலை காட்ட முடியலன்னு சொன்னாங்க'ன்னு அவளே எழுந்து போய் அணைச்சிடுவா. அவ சீட்டு ஃபேனுக்கு நேர் கீழதானே."

"இப்ப போடு. உடனே போடு."

"போட முடியாதுக்கா. வெளிப்பக்கம் குருவி கூடு கட்டி முட்டை வெச்சிருக்கு. போட்டா இறக்கையில அடிபட்டுச் செத்துரும்ல? குருவியைக் காப்பாத்துறதும் பசுமைதானேக்கா?"

மைக்கக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டுக்காகக் காத்திருந்த முகம் அது. யாரைத் திட்டுவது? எதை அணைக்கவே கூடாது என்று தொட்டுக் காட்ட ஒருத்தி வந்தாள். விட்டுத்தள்ளுங்க என்று சொன்னது யார் வாய்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடவில்லை, பக்கத்திலிருந்ததைக் கெடுத்துவிட்டது.

நேராக மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பச்சை மேடமும் அங்கேதான் இருந்தாள். அன்றே பேஸ்டிங் பிரிவு ஆட்களை வெளியே கூட்டி வரச் சொன்னாள், ஃபேனைச் சரி செய்யச் சொன்னாள், முறையாக விசாரணை வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். வேலையால் வந்த நோய் என்று முடிவானால் சிகிச்சை கம்பெனியின் பொறுப்பு, வேறு பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலையும் கிடைக்கும் என்று மைக்கக்காவிடம் சொன்னாள். நாத்தனாருக்கும் அவள் பிள்ளைக்கும் அதுதான் கரை. மைக்கக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றதும் கம்பெனிக்குள் வேறொரு பேச்சு ஓடியது. எல்லாம் அக்கா சொல்லித்தான் நடந்தது, அக்காவை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள். யார் கிளப்பியது என்று தெரியாது. பொய்யும் இல்லை, அனுப்பத்தான் அனுப்பியிருப்பார்கள். மைக்கக்கா பேஸ்டிங் பிரிவு ஆட்களைக் கேன்டீனில் கூட்டினாள்.

"உள்ளதை உள்ளபடி சொல்லுங்கடி. ஃபேனை அணைச்சோம்னு சொல்லுங்க. எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. எனக்காக இதை மட்டும் செய்யுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கக்கா போனதும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம்: அக்கா அப்படித்தான் சொல்லுவாங்க, தன்னைக் காப்பாத்துங்கன்னு அவங்க வாயாலயா கேட்பாங்க? நம்ம ஒவ்வொருத்தருக்கும் அவங்க செஞ்சதுக்கு நாம இதைக்கூடச் செய்யலன்னா நாம என்ன மனுஷங்க? அக்கா மேனேஜர் அறைக்குப் போன அன்றே, வேறு யார் கண்ணிலும் படும் முன்பு, குருவிக் கூட்டை முட்டையோடு பத்திரமாக எடுத்து ஷெட் கூரையில் வைத்திருந்தார்கள். குருவி அந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை.

விசாரணைக்காரர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். ஃபேன் எப்போதும் ஓடியது என்றார்கள். ஹீட்டரைக் குறைத்தோம், விளக்கை அணைத்தோம், அதனால்தான் கொடி கிடைத்தது என்றார்கள். ஒரு வார்த்தை பிசகவில்லை. பச்சை மேடம் மீட்டர் கணக்கை எடுத்துக் காட்டினாள். மீட்டர் எவ்வளவு குறைந்தது என்று சொல்லுமே தவிர, எதை அணைத்தார்கள் என்று சொல்லுமா? மைக்கக்கா உள்ளே போய், தான் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தாள்.

"எந்த நேரத்துல பார்த்தீங்க?"

"காலையில. வேலை ஆரம்பிச்ச உடனே."

"ஃபேனைச் சுத்தம் பண்ண அன்னைக்குக் காலையில மட்டும் நிறுத்தினோம்னு எல்லாரும் சொல்றாங்களே. கூடு இருந்ததாச் சொல்றீங்க, அப்படி ஒண்ணைப் பார்க்கவே இல்லங்கிறாங்க." அவர் குரலை இறக்கினார். "உங்க நாத்தனாருக்காக நீங்க பேசுறது புரியுதும்மா. ஆனா உங்க நாத்தனாரே ஃபேன் ஓடிச்சுன்னுதான் சொல்றாங்க."

அத்தோடு முடிந்தது. வேலையால் வந்த நோய் இல்லை என்று எழுதிவிட்டார்கள். வேறு பிரிவும் இல்லை, சிகிச்சையும் இல்லை. பசைப் பக்கம் போகக் கூடாதவள் கம்பெனிப் பக்கமே வர வேண்டியதில்லை. வாசலில் பேஸ்டிங் பிரிவுப் பெண்கள் மைக்கக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா, நாங்க இருக்கோம்" என்று கையைப் பிடித்தாள் பருத்த பெண். ஊரையே தன் பேச்சுக்கு ஆட வைத்தவளால், ஒரே ஒரு உண்மையைச் சொல்ல வைக்க முடியவில்லை. அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியிருந்தாலும் சமாதானம்தான் சொல்லியிருப்பார்கள்.

சாயங்காலம் மாடி அறைக்கு ஏறினாள். நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் விளையாடும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக்கக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்துக் கைகளை மூடிக்கொண்டாள்.

"வேற வேலை குடுத்திருப்பாங்கடி. வைத்தியம் பார்த்திருப்பாங்க. உன் கைடி அது."

"உங்களை அனுப்பியிருப்பாங்க அண்ணி."

"அனுப்பட்டுமே. நான் எங்க போனாலும் பிழைச்சுக்குவேன்."

நாத்தனார் மறுப்பாகத் தலையை ஆட்டினாள். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு எவ்வளவோ செஞ்சிருக்கீங்க. நீங்க என்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டது அது ஒண்ணுதான்."

"நான் என்னடி கேட்டேன்?"

"கேன்டீன்ல சொன்னீங்களே. வெளிய தலை காட்ட முடியலன்னு."

மைக்கக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அடிப்பாவி, அது விளையாட்டுக்குச் சொன்னதுடி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால், ஒரு விளையாட்டுப் பேச்சுக்காகவா இவள் கை போனது? அதை இவள் எப்படித் தாங்குவாள்? வாயை இறுக மூடிக்கொண்டாள். அவளுடைய இத்தனை வருஷப் பேச்சில் அவள் விழுங்கிய வார்த்தை அது ஒன்றுதான், அதையும் தப்பான இடத்தில் விழுங்குகிறோமோ என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தத் தடவை கொடி வாங்கிக் குடுத்தோம்ல?" என்றாள் நாத்தனார். குரலில் ஒரு சின்னச் சந்தோஷம்.

"ஆமாடி" என்றாள் மைக்கக்கா. அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சுண்டுவிரலை அழுத்தினாள். "இது தெரியுதா?"

நாத்தனார் தெருவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த விரல் அண்ணி?" என்று கேட்டாள்.